மூக்கு அடைத்த ஞாயிறு

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். பேனாவைக் கொஞ்சம் மூடி வைத்துக்கொள்ளுங்களேன். நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று சொன்னால் அது காற்றோடு போய்விடும். நீங்கள் கேஸ் ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள், பாரத்தில் எழுதிக்கொள்வீர்கள். எழுதினது எழுதினதுதான். நான் ஏழாவதோடு நின்றவள். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று எனக்குக் கோவையாக வராது.

இவர் இருந்தால் நன்றாகச் சொல்லுவார். காலையில் உங்கள் ஆபீசில் சொல்லிவிட்டு அப்படியே மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். என்ன சொன்னார் உங்களிடம்? "எங்க வீட்டம்மா பயப்படுது, யாராவது வந்து பார்த்துட்டுப் போங்க" என்றுதானே? எனக்குத் தெரியும். பயப்படுது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நேற்றுக் காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். முதல் என்றால் சளிதான்.

வியாழக்கிழமை சீர்காழியில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. ஏசி மண்டபம். ஏசிக்கு நேர் கீழே எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். தள்ளி உட்காரலாம் என்று நான் சொன்னேன். இவர், "சும்மா கெட, ஊரே உக்காந்திருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை இவர் தும்மினார். சனிக்கிழமை நான் தும்மினேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இரண்டு பேருக்கும் மூக்கைச் சிமெண்டு வைத்துப் பூசினது மாதிரி ஆகிவிட்டது. வாயால்தான் மூச்சு. காபி குடித்தால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் காபி குடிக்க முடியாது.

இவருக்கு அதில் ஒரு சந்தோஷம். ரிட்டயர் ஆகி மூன்று வருஷமாக எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் இவரைச் சும்மா விட்டதில்லையாம். பரண் மேல் ஏறு, மோட்டாருக்கு எண்ணெய் விடு, ஒட்டடை அடி என்று சொல்லிக்கொண்டே இருப்பேனாம். "இன்னிக்கு நான் நோயாளி. என்னை யாரும் எதுவும் சொல்லக்கூடாது" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். வீடு அமைதியாக இருந்தது. எனக்கும் படுக்கலாம் போலத்தான் இருந்தது. ஒரு மிளகு ரசம் வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று அடுப்பங்கரைக்குப் போனேன். புளி கரைத்து அடுப்பில் வைத்து ஐந்து நிமிஷம் இருக்கும். நெருப்பு பக் பக்கென்று இழுத்து நின்றுவிட்டது. சிலிண்டர் தீர்ந்துபோயிற்று.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் நகராட்சியில் குடிதண்ணீர் வால்வு திறந்து மூடுகிற வேலையில் இருந்தவர். முப்பத்து நான்கு வருஷம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது இவர் கையில்தான். அதனால் குழாய், மூடி, திருகு என்று எது வந்தாலும் இவர்தான் தொடுவார். சிலிண்டரையும் இவர்தான் மாட்டுவார். மாட்டிவிட்டு எழுந்து, "தையலு, மோந்து பாத்துச் சொல்லு" என்பார். என் பெயர் தையல்நாயகி. நான் குனிந்து மோந்து பார்த்து, "ஒண்ணும் இல்லை" என்பேன். அதற்குப் பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பது. கேஸ் வந்த நாளிலிருந்து, இருபத்தேழு வருஷமாக இப்படித்தான். என் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு அம்மா. தெருக்கோடியில் பால் பொங்கினால் எனக்குத் தெரியும். ஒருமுறை மாட்டும்போது லேசாகக் கசிவு இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். சோப்பு நுரையெல்லாம் இவர் போட்டதே இல்லை. "அதான் நீ இருக்கியே" என்பார்.

நேற்றும் இருமிக்கொண்டே எழுந்து வந்து மாட்டினார். "மோந்து பாத்துச் சொல்லு" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். "ஒண்ணும் இல்லை" என்றேன்.

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது அம்மா. ஒன்றும் இல்லைதான். எனக்கு ஒன்றுமே இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்து ரசத்தைத் திரும்ப வைத்தேன். மிளகு தட்டிப் போட்டேன். கடைசியில் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். திறந்து கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் வீட்டில் பெருங்காய டப்பாவைத் திறந்தால் வாசல் வரைக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கை டப்பாவுக்குள்ளேயே விட்டுப் பார்த்தேன். தூள் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். அப்போதுதான் உள்ளங்கால் இரண்டும் சில்லிட்டுப் போயிற்று. பெருங்காயமே தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்துக்கு முன்னால் நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் இல்லை என்று சொன்னேன்.

அடுப்பை அணைத்தேன். ரெகுலேட்டரைத் திருப்பி மூடினேன். இவரை எழுப்பினேன்.

"ஏங்க, எந்திரிங்க. உங்களுக்கு மூக்கு இருக்கா?"

"மூஞ்சில ஒண்ணு இருக்கும், தொட்டுப் பாரு" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சொன்னால் சிரிக்கிறார். "அரைமணி நேரம் எரிஞ்சுதுல்ல? வெடிக்கலையே? அப்புறம் என்ன?" என்கிறார். அப்படிச் சொல்லலாமா? நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஆபீசிலிருந்துதானே போன வருஷம் கல்யாண மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினீர்கள்? கேஸ் மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தரையோடு தரையாகப் படியும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், யாராவது ஸ்விட்சைத் தட்டினால் வீடே போய்விடும் என்று. அந்தப் படத்தில் ஒரு அம்மா லைட்டைப் போடுவாளே, எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. இவர் அன்றைக்கு வரவில்லை. முறுக்கு கொடுத்தார்கள் என்றதும் வராமல் போனோமே என்று வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.

கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். குளிர்காற்று உள்ளே வந்ததும் இவர் அடுக்காகத் தும்மினார். அவரைத் தரையில் உட்காரவிடவில்லை. கட்டில் மேல் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டேன். கீழே வெள்ளம் வந்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம்.

"எவ்வளவு நேரம் இப்பிடி?" என்றார்.

"வடியிற வரைக்கும்."

"வடிஞ்சுதான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? உனக்குத்தான் மூக்கு இல்லையே."

அதுதானே அம்மா என் பயமே. அதையே சிரிப்பாகச் சொல்கிறார்.

அப்போது அடுப்பங்கரையில் டக்கென்று ஒரு சத்தம். நான் கத்திவிட்டேன். வேறொன்றுமில்லை, பிரிட்ஜ். அது தானாக ஓடும், தானாக நிற்கும். நின்றால் ஒரு டக், ஓடினால் ஒரு டக். இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது, அந்தச் சத்தம் நான் கேட்டதே இல்லை. நேற்று ஒவ்வொரு டக்குக்கும் என் உயிர் போய் வந்தது. அணைக்கலாம் என்றால் ஸ்விட்சில் பொறி வரும். அணைக்காமல் விட்டால் அதுவே தட்டிக்கொள்ளும். எதைச் செய்வது? செல்போன் வேறு அடுப்பங்கரை அலமாரியில் இருந்தது. பத்தரை மணிக்கு அது அடித்தது. ஓசூரிலிருந்து எங்கள் மகள் மங்கை. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். இவர் எழுந்தார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"மங்கைடி."

"தெரியுது. எடுக்காதீங்க. போன்லேயும் பொறி வரும்."

"எடுக்கலேன்னா அது அடிச்சிக்கிட்டே இருக்குமே, அதுல பொறி வராதா?"

அடித்து ஓயும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தீஸ்வரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓய்ந்ததும் இவரே ஒரே ஓட்டமாகப் போய்ப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். மங்கையிடம் பேசிவிட்டு உங்கள் ஆபீசுக்கும் போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. அவசரத்துக்கு வேறு நம்பர் இருக்கிறது என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். கேஸ் புத்தகத்தில் போட்டிருக்குமாம். எனக்குத் தெரியாது. இவர் கண்ணாடி போடாமல் புத்தகத்தைப் பார்ப்பவர்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. நான் ஏன் ஏழாவதோடு நின்றேன் தெரியுமா? எங்கள் அம்மாவுக்குப் பம்ப் ஸ்டவ் வெடித்தது. கொள்ளிடத்தில் இருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். வாசலில் கூட்டம். அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் கழுத்திலிருந்து தோள் வரைக்கும் தோல் இழுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்ப முடியாமல் போயிற்று. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள். அதற்கப்புறம் வீட்டில் சமைக்க ஆள் வேண்டுமே. என்னை நிறுத்திவிட்டார்கள். புது ஸ்டவ் வாங்க வழியில்லை. அதே ஸ்டவ்வை ஈயம் வைத்து அடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். பன்னிரண்டு வயதில் அதே ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்து பம்ப் அடித்தேன். ஒவ்வொரு நாளும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பற்றவைப்பேன். இப்போதும் அப்படித்தான். இவர் கேலி செய்வார், நெருப்புக்கு நான் நாணப்படுகிறேன் என்று.

இதை எழுத வேண்டாம். சும்மா சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு இவருக்குப் பசி வந்துவிட்டது. பசி வந்தால் கொஞ்சம் இறங்கி வருவார். "சரி, சோப்பு நுரை போட்டுப் பாத்துடலாம்" என்றார். சோப்பைக் கரைத்துச் சிலிண்டர் வாயிலும் டியூபிலும் தடவி, டார்ச்சும் கூடாது என்று நான் சொன்னதால் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகுகிறது. துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

"சோப்பு முட்டை ஒண்ணும் வரலை" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். "அதோ ஒண்ணு வருது."

"அது நீ அடிச்ச நுரை."

"பெரிசாகுது பாருங்க."

"நீ மூச்சு விடுறே, அதான் ஆடுது. தள்ளு."

அது பெரிதானதா இல்லையா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நேற்று என் கண்ணுக்குப் பெரிதானது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, நுரையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம், ஒரு நல்ல மூக்கு வேண்டும். யாராவது ஒருவர் வந்து மோந்து பார்த்துச் சொன்னால் போதும்.

எங்கள் தெருவைப் பார்த்தீர்கள் அல்லவா? புது நகர். எதிரே காலி மனை. இடது பக்கத்து டீச்சர் வீடு பூட்டிக் கிடக்கிறது, திருச்சிக்குப் போயிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது வலது பக்கம் அமுதவல்லி வீடு ஒன்றுதான்.

அமுதவல்லி வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. நாலு வருஷம் ஆகிறது. அவர்களுக்குத் தரங்கம்பாடிப் பக்கம். அவள் புருஷன் மீன் வண்டி ஓட்டுகிறான். தப்பானவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வந்த புதிதில் மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டார்கள். நாங்கள் சைவம். எனக்கோ இப்படி ஒரு மூக்கு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மதில் பக்கம் நின்று, "மனுசங்க குடியிருக்கிற எடமில்லையா இது? உங்களுக்கெல்லாம் மூக்கே கெடையாதா?" என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன் அம்மா. திட்டவில்லை. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அதற்குப் பிறகு மாடியில் காயப்போடவும் இல்லை. இருந்தாலும் குழம்பு வைக்கத்தானே செய்வார்கள்? அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாம்பிராணி போட்டு அந்தப் பக்கத்து ஜன்னலில் வைப்பேன். புகை அங்கே போகும். அது சாமிக்குப் போடுகிற சாம்பிராணிதானே, அதில் என்ன தப்பு?

"நீங்க போய்க் கூப்பிடுங்க" என்றேன் இவரிடம்.

"சண்டை போட்டது நீ. மூக்கு வேணுங்கிறதும் நீ. நீயே போ" என்று கட்டிலில் ஏறிவிட்டார்.

போனேன். உயிர்ப்பயம் அம்மா. கேட்டுக்கு வெளியே நின்று, "அமுதவல்லி" என்று கூப்பிட்டேன். குரல் கரகரவென்று வந்தது. அவள் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள் போல. சேலையைத் தூக்கிச் செருகினபடி, ஈரக் கையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"யாருக்கு என்னக்கா?" என்றாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சளி, சிலிண்டர், பெருங்காயம் எல்லாம் சொன்னேன். "வந்து கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றேன்.

"எங்களுக்குத்தான் மூக்கே கெடையாதேக்கா" என்றாள்.

நாலு வருஷம் கழித்து, ஒரு எழுத்து மாறாமல். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். "வாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

எங்கள் அடுப்பங்கரை வாசல் வரைக்கும் வந்தவள் நின்றாள். "உள்ள வரலாமாக்கா? மீன் கழுவின கை."

சாமிப் படங்கள் எல்லாம் எங்களுக்கு அடுப்பங்கரையில்தான் இருக்கின்றன. நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "கொல்லையில் குழாய் இருக்கு, சோப்பும் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். போய்க் கழுவினாள். ஒருமுறை கழுவி, இன்னொருமுறை கழுவி, மூன்றாவது முறையும் கழுவி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "இப்பப் போதுமாக்கா?" கட்டிலிலிருந்து இவர், "வாம்மா, நீ வா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எதற்கு அடித்துக்கொண்டார் என்று தெரியவில்லை. சுத்தம் என்றால் சுத்தம்தானே.

உள்ளே போனவள் சும்மா நின்று மோந்து பார்க்கவில்லை. முழங்கால் போட்டு, தரையோடு முகத்தை வைத்து, சிலிண்டர் அடியிலிருந்து மேலே வரைக்கும் பார்த்தாள். டியூபைப் பிடித்துக்கொண்டே போனாள். அடுப்புக்கு அடியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரசம் அடி பிடிச்சிருக்கு. பெருங்காயம் தூக்குது. பிரிட்ஜுக்குப் பின்னால பல்லி ஒண்ணு செத்துக் கெடக்கு, ரெண்டு நாள் ஆயிருக்கும். பால் திரிஞ்சு போச்சு, காச்சாதீங்க. கேஸ் இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"இருந்தா நானே இங்க நிப்பனாக்கா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அம்மா. அவள் போனதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பார்த்தேன். இவர், "ஆள் வந்தாச்சு, சொல்லியாச்சு. ஆவி பிடிக்க வெந்நி போடு" என்று லைட்டரை எடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கிவிட்டேன்.

"அவ சொன்னா நம்பிடறதா?"

"ஏன், அவளுக்கு என்ன?"

"நாலு வருசமா ஜன்னல்ல சாம்பிராணி வெச்சிருக்கேன். அவ எனக்கு உண்மை சொல்லணும்னு என்ன இருக்கு? அவ எடத்துல நான் இருந்தா..."

"இருந்தா?"

அவள் இடத்தில் நான் இருந்து, அவள் என் வாசலில் வந்து நின்றிருந்தால், நான் போயிருப்பேனா, போனாலும் குனிந்து பார்த்திருப்பேனா, பார்த்தாலும் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது. இவர், "ஒனக்குச் சளி மூக்குல இல்லடி" என்று சொல்லிவிட்டு, பசியோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஒரு மணி இருக்கும். கேட் சத்தம் கேட்டது. அமுதவல்லி. ஒரு கையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர்ப் பானை, இடுப்பில் தூக்குவாளி. "பயந்துக்கிட்டு அடுப்பே மூட்டியிருக்க மாட்டீங்க, தெரியும். சாருக்கு ஆவி பிடிக்கக் குடுங்க. வாளியில கஞ்சி, பருப்புத் தொவையல். தனிப் பாத்திரம்க்கா, கவலைப்படாதீங்க" என்றாள். இவர் துள்ளி எழுந்தார். போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்தார். உள்ளேயிருந்து, "ஆகா, ஆகா" என்று சத்தம் வருகிறது. கஞ்சியை இரண்டு டம்ளர் குடித்தார். எனக்குப் பசி காதை அடைத்தது. தனிப் பாத்திரம் என்றாளே, தனிப் பாத்திரம்தானா? மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். மோந்து பார்க்க மூக்கு வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ருசியும் தெரியவில்லை.

இவர் தூங்கிப்போனார். மாதக்கணக்கில் தூங்காதவர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான் கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிட்ஜ் டக்கென்றது. நின்றது. திரும்ப டக்கென்றது. மணி மூன்று, நாலு, அஞ்சு. வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருட்டினால் லைட்டைப் போட வேண்டும். நான் போடாவிட்டாலும் இவர் எழுந்து தூக்கக் கலக்கத்தில் போட்டுவிடுவார். படத்தில் வந்த அந்த அம்மாவும் அப்படித்தான், ஒன்றும் தெரியாமல், சாதாரணமாகக் கையை நீட்டுவாள். இவருடைய கட்டிலுக்குத் தலைமாட்டிலேயே ஸ்விட்ச். எங்கள் அம்மா முழு உடம்போடு திரும்பிப் பார்க்கிறது மாதிரியே இருந்தது.

இந்த வீட்டுக்குள் அது இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இவரை எழுப்பவில்லை. எழுப்பினால் விடமாட்டார். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, நூலில் தொங்கின அந்த வெள்ளை மூடியை வாயில் அழுத்தி மூடினேன். சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பிலேயே உருட்டி உருட்டிப் பின்வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். இடுப்பு விட்டுப்போயிற்று. படியில் இறக்கும்போது இரும்பு உரசிப் பொறி பறக்குமோ என்று ஈரக் கோணியை விரித்து அதன்மேல் இறக்கினேன். எனக்கும் அந்த அளவுக்கு மூளை இருக்கிறது அம்மா.

வெளியே கொண்டுவந்தாயிற்று. எங்கே வைப்பது? துவைக்கிற கல் பக்கம் வைத்தால் எங்கள் படுக்கை அறை ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. மோட்டார் பக்கம் வைக்கக் கூடாது, அது கரண்ட். வாசலில் வைத்தால் தெருவில் போகிறவர்கள் பீடி பற்றவைப்பார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வலது பக்கத்துச் சந்து ஒன்றுதான் வாகாக இருந்தது. அங்கே காற்று நன்றாக வரும். எங்கள் சுவரை ஒட்டி வைக்காமல் மதிலை ஒட்டி வைத்தேன்.

ஆமாம், அமுதவல்லி வீட்டு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் அவளுடைய அடுப்பங்கரை ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது, எதையோ தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் யோசிக்காமல் வைக்கவில்லை. நன்றாக யோசித்துத்தான் வைத்தேன். எனக்கு மூக்கு இல்லை, இவருக்கும் இல்லை. அவளுக்கு இருக்கிறது. செத்த பல்லியைக்கூடக் கண்டுபிடிக்கிற மூக்கு. அது கசிந்தால் முதலில் தெரிய வேண்டியது அவளுக்குத்தானே? தெரிந்தால் சத்தம் போடுவாள். நாங்கள் எழுந்து ஓடிவிடலாம். அவள் சொன்ன மாதிரி கசிவே இல்லை என்றால் அவளுக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

ஏன் அம்மா எழுந்துவிட்டீர்கள்? இருங்கள், முடித்துவிட்டேன்.

பிறகு உள்ளே வந்து, நன்றாக இருட்டும் வரைக்கும் காத்திருந்து, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, இடுக்கில் பழைய சேலையைச் செருகி அடைத்தேன். அதற்குப் பிறகுதான் லைட்டைப் போட்டேன்.